பன்னீர் திராட்சைக்குப் பேர் வைத்தது யார்?

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் தள்ளுவண்டியில் பெரும்பாலும் இரண்டு வகை திராட்சை இருக்கும். ஒன்று பச்சையா நீளமா இருக்கிற சீட்லெஸ். இன்னொன்று கருநீலத்தில், உருண்டையா, கொட்டையோடு இருக்கிற பன்னீர். கவனிச்சுப் பார்த்தா ஒரு விஷயம் புரியும். முதல் பழத்துக்கு, அதுக்குள்ள இல்லாத ஒன்றை வைத்துப் பேர் (விதை இல்லை). இரண்டாவது பழத்துக்கு அதன் வாசனையை வைத்துப் பேர். ஆப்பிளுக்கோ ஆரஞ்சுக்கோ நாம் இப்படிப் பேர் வைக்கவில்லை.

தாவரவியல் புத்தகத்தில் இதன் பேர் மஸ்கட் ஹாம்பர்க். இதே பழம் தென் பிரான்சிலும் விளைகிறது. அங்கே அதைச் சுற்றி ஒரு சட்டம், ஒரு எல்லைக்கோடு, ஒரு ருசி அகராதி எல்லாம் இருக்கிறது. நம்மிடம் ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கிறது: பன்னீர்.

இந்தக் கட்டுரை அந்த வித்தியாசத்தைப் பற்றியது.

சினிமாவில் பார்த்திருப்பீர்கள். கோட் சூட் போட்ட ஒருத்தர் கண்ணாடிக் கோப்பையைச் சுழற்றுவார், மூக்கை உள்ளே விடுவார், ஒரு வாய் குடிச்சுட்டு "செர்ரி, புகையிலை, கொஞ்சம் மிளகு" என்பார். பார்க்கிற நமக்குச் சிரிப்பு வரும். சும்மா சீன் போடுறாங்கன்னு தோணும். ஆனால் தென் பிரான்ஸ் திராட்சையின் வரலாற்றைப் படித்தால், அந்த வார்த்தைகளுக்குப் பின்னால் விவசாயிகளின் வயிறு இருப்பது தெரிகிறது. ருசியைச் சொல்ல ஒரு பொதுவான மொழி இருந்தால்தான் நல்ல சரக்குக்கும் கலப்பட சரக்குக்கும் வேற விலை கிடைக்கும். காமர்ஸ் படிக்கிறவன் கண்ணுக்கு முதலில் படுவது இதுதான்.

இதுக்கு பிரான்ஸ் வரைக்கும் போக வேண்டாம். நம்ம ஊரிலிருந்து ரயில் ஏறினால் வரும் குன்னூரில் தேயிலை ஏலம் நடக்கிறது. ஏலத்துக்கு முன்னாடி டீ டேஸ்டர்கள் வரிசையா வைத்த கோப்பைகளில் இருந்து ஒரு கரண்டி எடுத்து, சத்தமா உறிஞ்சி, துப்பிவிட்டு அடுத்ததுக்குப் போவார்கள். அவர்கள் சொல்கிற சில வார்த்தைகளை வைத்துத்தான் ஒரு தோட்டத்துத் தூளுக்கும் பக்கத்துத் தோட்டத்துத் தூளுக்கும் விலை மாறுகிறது. ஒயின் ருசியும் இதே தொழில்தான். வயசு மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

எவ்வளவு ஜாஸ்தி?

யவனர் இறக்கிய சாடி

புறநானூற்றில் நக்கீரர், பாண்டியன் நன்மாறனைப் பாடிய ஒரு பாட்டு உண்டு (56வது பாட்டு). யவனர் கொண்டுவந்த மதுவை, பொன் கிண்ணத்தில் பெண்கள் ஊற்றித் தர, அரசன் தினமும் குடித்து மகிழ வேண்டும் என்று வாழ்த்துகிறார். அந்த மதுவைப் பற்றி அவர் சொல்லும் குணங்கள் இரண்டு. குளுமையா இருக்கும், மணமா இருக்கும். வெளிநாட்டு ஒயினைப் பற்றித் தமிழில் இருக்கிற மிகப் பழைய ருசிக் குறிப்புகளில் இது ஒன்று.

நிஜத்தில் அந்த ஒயின் எப்படி இருந்திருக்கும்? புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டில் 1945ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது அம்போரா என்கிற இரண்டு காது வைத்த மண்சாடிகளின் துண்டுகள் நிறைய கிடைத்தன. அவற்றில் பல, கிரேக்கத்தின் காஸ் தீவுச் சாடியின் வடிவம் கொண்டவை. காஸ் தீவு ஒயினில் கடல்தண்ணீர் கலப்பது வழக்கம். சாடியின் உள்பக்கம் கசியாமல் இருக்க மரப்பிசின் பூசுவார்கள். ஆக உப்பும் பிசினும் கலந்த ஒரு வாசம் வந்திருக்கணும். நக்கீரர் அதையெல்லாம் விட்டுவிட்டு, குளுமையையும் மணத்தையும் எடுத்துக்கொண்டார். ருசி பார்க்கிறவர் எல்லாரும் செய்வது இதுதான். நூறு விஷயத்தில் இரண்டைத் தேர்ந்தெடுப்பது.

கொங்கு நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. மேற்குக் கரையின் முசிறியில் இறங்கிய சரக்கு பாலக்காட்டுக் கணவாய் வழியா கோவை, கொடுமணல், கரூர் என்று கிழக்கே போனது. அந்தப் பாதையில் இருக்கிற வெள்ளலூரில் 19ஆம் நூற்றாண்டிலேயே ரோமானிய வெள்ளிக்காசுகள் குவியலாகக் கிடைத்தன. ஆனால் ஒயின் சாதாரண ஜனங்களுக்கு வந்து சேரவில்லை. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடல்வழிக் கையேடு, முசிறிக்கு இறக்குமதியாகிற பொருட்களில் ஒயினைச் சொல்லிவிட்டு, 'அதிகம் இல்லை' என்று சேர்க்கிறது. அரசனுக்கும் பணக்காரனுக்கும் மட்டும்.

மற்றவர்களுக்கு உள்ளூர்ச் சரக்கு இருந்தது. கள், நறவு, தேறல், மட்டு, பிழி, தோப்பி என்று சங்க இலக்கியத்தில் இத்தனை வார்த்தைகள். இத்தனை பேர் ஒரு பொருளுக்கு இருக்கிறது என்றால், அந்த ஜனங்கள் அதைப் பிரித்துப் பார்த்து ருசித்தார்கள் என்று அர்த்தம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

மிளகு போன இடம்

அந்தக் கப்பல்கள் திரும்பிப் போகும்போது முக்கியமா ஏற்றிக்கொண்டது மிளகு. இந்தியாவுக்கு வருஷம் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு போகிறதே என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி புலம்பினார்.

இப்போ நாமும் அந்தக் கப்பலோடு மேற்கே போவோம். கிரேக்கர்கள் கி.மு. 600 வாக்கில் இன்றைய மார்சேய் நகரை உருவாக்கி, தென் பிரான்சில் திராட்சை வளர்ப்பைப் பரப்பினார்கள். ரோமானியர் கி.மு. 118ல் நார்போன் நகரை அமைத்தார்கள். மத்தியதரைக் கடலோரம், ரோன் ஆற்றங்கரை, லாங்கெதோக் சமவெளி, இதெல்லாம் சேர்ந்ததுதான் தென் பிரான்சின் திராட்சை நாடு. வெயில் அதிகம், மழை கம்மி, கல் நிறைந்த மண்.

அங்கே விளையும் முக்கியமான வகைகளையும், ருசி பார்க்கிறவர்கள் வழக்கமா அவற்றைப் பற்றிச் சொல்வதையும் சுருக்கமாகத் தருகிறேன்.

கிரெனாஷ்: ஸ்பெயினில் இருந்து வந்தது. தோல் மெல்லிசு, சர்க்கரை அதிகம், அதனால் ஆல்கஹாலும் அதிகம். ஸ்ட்ராபெர்ரி வாசம் என்பார்கள்.

மூர்வேத்ர்: இதுவும் ஸ்பெயின்காரர்தான். கருப்புப் பழங்கள், தோல், மாமிசம் என்று கனமான வார்த்தைகளால் சொல்லப்படும். வாயில் துவர்ப்பு நிற்கும்.

கரிஞான்: விளைச்சல் கொட்டும், ருசி சுமார் என்று திட்டு வாங்கிய வகை. வயசான கொடியில் இருந்து வருவதற்கு மட்டும் மரியாதை.

வியோஞியே: வெள்ளை ஒயினுக்கு. பாதாமி, பூ வாசம். 1960களில் ரோன் கரையில் சில ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கி, அழிந்தே போயிருக்க வேண்டியது. தப்பித்து இன்று உலகம் முழுக்க இருக்கிறது.

சிரா: ரோன் பகுதியின் சொந்தப் பிள்ளை. ரொம்ப நாளா இது ஈரானின் ஷிராஸ் நகரில் இருந்து வந்தது என்று கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1990களின் கடைசியில் நடந்த டிஎன்ஏ ஆராய்ச்சி, துரேஸா, மோந்தூஸ் பிளான்ஷ் என்ற இரண்டு உள்ளூர் வகைகளின் குழந்தைதான் இது என்று காட்டிவிட்டது.

இந்த சிராவைப் பற்றிப் பேசுகிற எல்லாரும் ஒரு வார்த்தையைத் தவறாமல் சொல்வார்கள். மிளகு. "அதெல்லாம் கற்பனை" என்று நாம் சொல்லலாம் இல்லையா? 2008ல் ஆஸ்திரேலிய ஒயின் ஆராய்ச்சியாளர்கள் இதுக்கு பதில் கண்டுபிடித்தார்கள். சிராவின் மிளகு வாசத்துக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற வேதிப்பொருள். கருமிளகில் மிளகு வாசம் தருவதும் அதேதான்! ஒரு லிட்டர் சிவப்பு ஒயினில் 16 நானோகிராம் இருந்தாலே மூக்கு கண்டுபிடித்துவிடும். அதே சமயம், ஐந்தில் ஒருத்தருக்கு எவ்வளவு இருந்தாலும் அது தெரிவதில்லை என்றும் அந்த ஆய்வு சொன்னது.

சேர நாட்டு மிளகை ஏற்றிப்போன கடல் வழியின் அந்தப் பக்கத்தில், திராட்சைக்குள்ளேயே மிளகு வாசம் இருந்திருக்கிறது. மிளகு தெரிந்த மூக்குதான் அதுக்குப் பேர் சொல்ல முடியும். எந்த ஊர்க்காரனும் தனக்குத் தெரிந்த வாசனையைக் கொண்டுதான் தெரியாத வாசனைக்குப் பேர் வைப்பான்.

1907: தெருவுக்கு வந்த ஐந்து லட்சம் பேர்

1863 வாக்கில் அமெரிக்காவில் இருந்து வந்த பிலோக்ஸெரா என்ற வேர்ப்பூச்சி தென் பிரான்சில் தலைகாட்டியது. அடுத்த முப்பது வருஷத்தில் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதி நாசம். பூச்சியைத் தாங்குகிற அமெரிக்க வேரின் மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக்கட்டி மீண்டும் நட்டார்கள்.

ஆனால் இடைப்பட்ட காலத்தில் சந்தை சும்மா இருக்குமா? சர்க்கரையும் தண்ணீரும் சேர்த்த ஒயின், உலர்ந்த திராட்சையை ஊறவைத்துச் செய்த ஒயின், அல்ஜீரியாவில் இருந்து வந்த ஒயின் எல்லாம் ஒரே பேரில் விற்றது. நிஜமான தோட்டங்கள் திரும்பிக் காய்க்க ஆரம்பித்தபோது விலை பாதாளத்துக்குப் போயிருந்தது.

வகுப்பில் அக்கர்லாஃப் பற்றிப் படித்திருப்போம். 1970ல் பழைய கார் சந்தையை வைத்து அவர் எழுதிய கட்டுரை, 2001ல் நோபல் வாங்கித் தந்தது. வாங்குகிறவனுக்கு நல்லது எது மட்டம் எது என்று தெரியாவிட்டால், அவன் எல்லாத்துக்கும் மட்ட விலைதான் கொடுப்பான். நல்ல சரக்கு வைத்திருப்பவன் சந்தையை விட்டே போய்விடுவான். அவர் எழுதுவதற்கு 63 வருஷம் முன்னாடியே லாங்கெதோக் விவசாயி அதை அனுபவித்துவிட்டான்.

1907ல் அர்ஜெலியே என்ற கிராமத்தில் சின்ன தோட்டமும் ஒரு காபிக் கடையும் வைத்திருந்த மார்சலின் அல்பேர் என்பவர் போராட்டத்தை ஆரம்பித்தார். ஒவ்வொரு ஞாயிறும் ஒவ்வொரு ஊரில் கூட்டம். ஜூன் 9 அன்று மோன்பெலியே நகரில் கூடியவர்கள் ஐந்து லட்சத்துக்கும் மேல் என்று கணக்கு. ஜூன் 19, 20 தேதிகளில் நார்போனில் ராணுவம் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். உள்ளூர்ப் பையன்கள் நிறைந்த 17வது படைப்பிரிவு கலகம் செய்தது.

பிரதமர் கிளெமென்சோவைப் பார்க்க அல்பேர் பாரிஸ் போனார். திரும்பி வர ரயில் செலவுக்கு என்று கிளெமென்சோ 100 பிராங்க் கொடுத்தார். அல்பேரும் வாங்கிக்கொண்டார். அடுத்த நாள் பேப்பரில் அதுதான் செய்தி. 'காசு வாங்கிட்டான்' என்ற ஒரே பேச்சில் அவர் மதிப்பு போனது. அரசியலில் இந்த டெக்னிக் எந்த ஊரிலும் செல்லும் போல :)

ஆனாலும் ஜூன் 29 அன்று கலப்படத்தைத் தடுக்கவும், ஒயினில் சர்க்கரை சேர்ப்பதைக் கட்டுப்படுத்தவும் சட்டம் வந்தது. விளைச்சல் எவ்வளவு என்று விவசாயி அறிவிக்க வேண்டும் என்ற விதியும் வந்தது.

தைம் செடி முளைக்கிற நிலம்

கலப்படம் கூடாது என்று சட்டம் போடுவது சுலபம். எது அசல் என்று எழுதிவைப்பது எப்படி? இதுக்கு வழி காட்டியது ரோன் கரையில் இருக்கிற ஷாதோநெஃப் து பாப் என்ற ஊர். அங்கே பரோன் லெ ருவா என்ற தோட்டக்காரர், வக்கீலும்கூட, 1923ல் ஊர் விவசாயிகளைச் சேர்த்து விதிகள் எழுதினார். எந்தெந்தத் திராட்சை வகை போடலாம், ஆல்கஹால் குறைந்தபட்சம் 12.5 சதவீதம் இருக்கணும், இப்படி. இதில் எனக்குப் பிடித்தது எல்லை வகுத்த விதம். லாவெண்டரும் தைமும் தானாக முளைக்கிற வறண்ட நிலத்தில் விளைந்த திராட்சைக்குத்தான் அந்தப் பேர். ஒரு செடி முளைப்பதை வைத்து சர்வே செய்திருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்து ஒயினில் தைம், ரோஸ்மேரி மாதிரியான புதர்க்காட்டு வாசம் இருப்பதாகச் சொல்வார்கள். 'கரீக்' என்று அதுக்கு ஒரு தனி வார்த்தையே உண்டு. அதாவது நிலத்தின் எல்லையைச் சொல்ல ஒரு செடி, ருசியைச் சொல்லவும் அதே செடி. இந்த மாதிரி விதிகள் 1935ல் பிரான்ஸ் முழுக்கச் சட்டமாகி, 1936ல் ஷாதோநெஃப் முதல் ஆட்களில் ஒருவராக அங்கீகாரம் வாங்கியது. நாம் இன்று புவிசார் குறியீடு என்று சொல்வதற்கு மூத்த அண்ணன்களில் இது ஒன்று.

1832ஆ, 1850ஆ?

இப்போ நம்ம பன்னீருக்கு வருவோம். ஷாதோநெஃப் இருக்கிற அதே வோக்ளூஸ் மாவட்டத்தில் வாந்தூ என்ற மலை இருக்கிறது. அதன் அடிவாரத்தில் விளையும் மஸ்கட் ஹாம்பர்க் பழத்துக்கு 1997ல் பிரெஞ்சு அரசு 'மஸ்கட் து வாந்தூ' என்று பிறப்பிடப் பேர் கொடுத்தது. ஒயினுக்கு இல்லை, சாப்பிடுகிற பழத்துக்கு. நம்ம தள்ளுவண்டிப் பழத்தின் கூடப் பிறந்தது அங்கே சட்டப் பாதுகாப்போடு இருக்கிறது.

நம்ம பக்கம், கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற பன்னீர் திராட்சைக்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தக் கொடியைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பது அங்கே சொல்லப்படும் வரலாறு. தமிழ்நாட்டில் பல இடங்களில் அப்போது பிரெஞ்சுப் பாதிரியார்கள் இருந்தார்கள் என்பது உண்மை. திருப்பலிக்குக் கலப்பில்லாத திராட்சை ஒயின் வேண்டும் என்பது கத்தோலிக்க விதி. நம்ம கோவை மறைமாவட்டத்தின் தொடக்ககால ஆயர் மரியோன் பிரெசியாக், லாங்கெதோக் பகுதியின் காஸ்தெல்நோதாரி ஊரில் 1813ல் பிறந்தவர். 1846ல் கருமத்தம்பட்டியில்தான் ஆயராக அபிஷேகம் ஆனார். அவர் திராட்சை நட்டார் என்று நான் சொல்லவில்லை. தென் பிரான்சுக்கும் கொங்கு நாட்டுக்கும் இப்படியும் ஒரு ஒற்றையடிப் பாதை இருந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

ஆனால் தேதி ஒன்று இடிக்கிறது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற வகை இங்கிலாந்தின் கண்ணாடி வீட்டுத் தோட்டங்களில் பேசப்பட ஆரம்பித்ததே 1850 வாக்கில்தான். மரபணுப்படி இது அலெக்சாண்ட்ரியா மஸ்கட்டுக்கும் ஸ்கியாவா க்ரோஸ்ஸா என்ற கருப்புத் திராட்சைக்கும் பிறந்தது. அப்படியென்றால் 1832ல் வந்தது மஸ்கட் குடும்பத்தில் வேறு ஒரு உறவாக இருந்து, இப்போதைய பன்னீர் அதுக்குப் பிறகு வந்திருக்கணும். அல்லது 1832 என்ற வருஷமே வாய்வழியாக வந்ததாக இருக்கணும். எது சரியானாலும் ஒன்று நிச்சயம். கொடிக்கு ஐரோப்பியப் பேர் இருந்தும், இங்கே யாரும் அதை ஏற்கவில்லை. முகர்ந்து பார்த்து 'பன்னீர்' என்றார்கள்.

அது துல்லியமான பேர். மஸ்கட் வகைகளின் வாசத்துக்குக் காரணமான பொருட்களில் லினலூல், ஜெரானியால் இரண்டும் முக்கியம். ஜெரானியால் ரோஜாவிலும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்களும் மஸ்கட்டுக்கு ரோஜா என்றுதான் குறிப்பு எழுதுகிறார்கள். கல்யாண வாசலில் பன்னீர்ச் செம்பு தெளித்துப் பழகிய மூக்கு, எந்த ஆய்வகமும் இல்லாமல் அதே விடைக்கு வந்துவிட்டது.

வார்த்தை எங்கே போனது?

சங்க காலத்தில் அத்தனை வார்த்தை வைத்திருந்த நாம், பன்னீரோடு நின்றுவிட்டது ஏன்? ஒரு காரணம் சமீபத்திய சட்ட வரலாறு. 1937ல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு கொண்டுவந்தார். 1948ல் மாகாணம் முழுக்க. 1971ல் எடுத்தார்கள், 1974ல் மூடினார்கள், 1981ல் மீண்டும் திறந்தார்கள். 1983ல் டாஸ்மாக், 1987ல் கள்ளுக்குத் தடை, 2003ல் சில்லறை விற்பனையும் அரசாங்கத்திடம். இந்த நெடுங்கதையில் மது என்பது ஒன்று பாவம், அல்லது வருமானம். ருசி என்பது எந்தப் பக்கமும் பேச்சில் இல்லை. இப்போ இருக்கிற வார்த்தைகள் குவாட்டர், ஆஃப், கட்டிங். எல்லாமே அளவு. குடி அழித்த குடும்பங்களை நாமே தெருவில் பார்ப்பதால், அதில் ருசி பேசுவது அசிங்கம் என்ற கூச்சமும் நியாயமானதுதான்.

ஆனால் நஷ்டம் குடிக்கிறவனுக்கு இல்லை, விளைவிக்கிறவனுக்கு. நந்தி மலைப் பக்கம் 1988ல் ஆரம்பித்த க்ரோவர் தோட்டத்திலும் பிறகு நாசிக்கிலும் சிரா முதலான தென் பிரெஞ்சு வகைகள் விளைகின்றன. அந்தப் பாட்டில்களின் ருசிக் குறிப்பு ஆங்கிலத்தில். இங்கே பன்னீர் திராட்சை கிலோ கணக்கில் போகிறது. கம்பத்துப் பழமா, தொண்டாமுத்தூர்ப் பழமா, வாசம் நிறைந்ததா, தண்ணீர் பாய்ச்சிப் பெருக்கியதா என்று வண்டிக்காரரிடம் யாரும் கேட்பதில்லை. 'இனிப்பா இருக்குமாங்க?' அவ்வளவுதான். புவிசார் குறியீடு ஒரு எல்லையைத் தந்திருக்கிறது. அந்த எல்லைக்குள் விளைவது எப்படி வேறுபட்டது என்று வாங்குகிறவன் சொல்லத் தெரியாதவரை அதுக்குத் தனி விலை வராது.

ருசி வார்த்தைகளைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். 2001ல் போர்தோ ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட சோதனை பிரபலமானது. வெள்ளை ஒயினில் வாசமில்லாத சிவப்புச் சாயம் கலந்து 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் சிவப்பு ஒயினுக்கான வார்த்தைகளையே எழுதினார்கள். மூக்கைக் கண் ஏமாற்றும். அதனால்தான் வார்த்தைகளை ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கிறது. கலிபோர்னியாவில் ஆன் நோபல் 1984ல் வெளியிட்ட 'வாசனைச் சக்கரம்' அந்த வேலையைச் செய்தது. 'கம்பீரமான', 'நளினமான' போன்ற பொத்தாம்பொது வார்த்தைகளைத் தூக்கிவிட்டு, கடையில் வாங்கி முகர்ந்து பார்க்கக் கூடிய பொருட்களின் பேரை மட்டும் வைத்தார்.

நமக்கும் அப்படி ஒரு சக்கரம் வேண்டும். ஒயினுக்கு இல்லாவிட்டாலும் திராட்சைக்கு, டீத்தூளுக்கு, வெல்லத்துக்கு, வாழைப்பழத்துக்கு. பொருட்களுக்குப் பஞ்சமே இல்லை. நாவல்பழத்தின் துவர்ப்பு, கருப்பட்டியின் கருகல், காரமடைக் கறிவேப்பிலை, ஊட்டி பிளம்ஸின் தோல் புளிப்பு, பதநீர், திருநீற்றுப் பச்சிலை, புது மழையில் செம்மண், அரைச்ச மிளகு. இந்த வாரம் கால் கிலோ பன்னீர் வாங்கினால் தின்பதற்கு முன்னால் ஒரு பழத்தின் தோலைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள். பன்னீருக்கு அடுத்து இரண்டாவதா என்ன வாசம் வருகிறது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். தமிழ் வார்த்தையா இருந்தால் சந்தோஷம்.

டிஸ்கி: இது திராட்சை வரலாறு. டாஸ்மாக் போக யாருக்கும் சிபாரிசு இல்லை. தின்பதற்கு முன் பழத்தை நல்லா கழுவிடுங்க.